வராதவளுக்கு ஒரு நொண்டிப் பாட்டு

நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களில் பாதிப் பேர் வாயைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போனால் நோயாளி பாதி பிழைத்துவிடுவார். இது என் கண்டுபிடிப்பு இல்லை. கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டுக்காரி எப்போதோ கட்டிய பாட்டு:

ஆறுதல் சொல்ல வந்தாங்க ஆறு பேரு – அதுல
அஞ்சு பேரு சொன்னதெல்லாம் செத்தவங்க பேரு.

கடைசியில் அந்த ஆறு பேரும் அவள் கட்டிலைச் சுற்றியே வந்து நின்றார்கள். அவளோ வாய் கோணி, வலது பக்கம் அசையாமல், ஒரு சொல்லும் வராமல் படுத்துக் கிடந்தாள்.

நான் சூளகிரியில் பஸ் ஏறுவேன், அவள் தொரப்பள்ளிப் பிரிவில். இறங்குவது மூக்கண்டப்பள்ளி தாண்டி, ஒயர் பின்னுகிற எங்கள் கம்பெனி வாசலில். வீட்டில் அவளுக்குத் தெலுங்கு, சூப்பர்வைசரிடம் கன்னடம், கேலிக்கு மட்டும் தமிழ். எங்கள் பஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஸ்டாப்பில் நிற்கவில்லையென்றால், அந்த இடம் தாண்டுவதற்குள் அவள் இரண்டு வரி கட்டிப் பாடிவிடுவாள். மறுநாள் வருகிறவள் பதிலுக்கு இரண்டு வரி பாடியே ஆகவேண்டும்.

வயித்துவலின்னு லீவு போட்டா, வந்த போட்டோ பாரு
கல்யாண வீட்டுப் பந்தியில இலை நெறயச் சோறு.

டிரைவரும் தப்பவில்லை.

முன்னாடி எலுமிச்சம்பழம், மூணு சாமி படம்
பிரேக்கு பாக்கச் சொன்னா மட்டும் நாளைக்கின்னு அடம்.

அந்த மனுஷன் ஒரு வாரம் முறைத்தார். அப்புறம் பிரேக்கைப் பார்த்தார். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி என்று என்னையும் விட்டுவைக்கவில்லை.

தவக்காலம் கறி வேணாம், சாமி மேல பக்தி
முட்டையெல்லாம் கறியில்லயாம், அக்காவோட யுக்தி.

எனக்குப் பதில் பாட்டு கட்டவே வராது. நான் வாயைத் திறந்ததும் அவள் இடது கையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். "அய்யய்ய, ஊசிப்போச்சுக்கா! நேத்து வெச்ச கொழம்பாட்டம் நாறுது" என்பாள். பஸ்ஸே சிரிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவள் மூக்கைப் பொத்தாத நாளில் எனக்கு வேலையே ஓடாது.

"இத்தன பேர நக்கலடிக்கிறியே, ஒருத்தியும் உன்ன அடிக்கலையே, எப்படிடி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பக்கத்துல உக்காந்து சொன்னா கேலிக்கா. எட்ட நின்னு சொன்னாத்தான் வசவு."

பக்கவாதம் என்றார்கள். ஒரு காலை தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாளாம். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார்: "பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க. அவங்களுக்குப் புடிச்சதப் பேசுங்க. விட்டுட்டீங்கன்னா அப்படியே உள்ளுக்குள்ள ஒடுங்கிடுவாங்க."

கேட்டார்களா? போகிறவர்கள் எல்லாம் ஆப்பிளை வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினார்கள். "எங்க பெரியப்பாவுக்கும் இப்படித்தான், பத்தே நாளு" என்றாள் ஒருத்தி, அவள் காதுபடவே. எங்கள் சர்ச் மாதா சபைப் பெண்களை நானே கூட்டிப்போனேன். அவர்கள் வைத்த ஜெபத்தைக் கேட்டால் நல்லாயிருக்கிற மனுஷிக்கே உயிர் போய்விடும். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். ஒவ்வொரு முறை போகும்போதும் அந்தக் கண்ணில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. மாதாவே, இவள் போகிறாளே, கண்ணெதிரே போகிறாளே!

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாங்கமுடியாமல் கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பாடினேன்.

வேலைக்கு வரச் சோம்பேறி, வாயக் கோணிக்கிட்டா
ஊரே வந்து பாக்குதுன்னு ராணியாயிட்டா.

அவள் திரும்பவில்லை. திரும்பியது மாமியார். "ஏமம்மா, நீக்கு புத்தி லேதா?" – உனக்குப் புத்தியில்லையா – என்று தெலுங்கில் பிடித்த பிடியில் தெருவே கூடிவிட்டது. விழுந்து கிடக்கிறவளின் கோணல் வாயைப் பாடுகிறாளே, இவளெல்லாம் ஒரு சிநேகிதியா? அவள் புருஷன் தங்கமான ஆள், தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்க. கொஞ்ச நாளைக்கு வீட்டுப் பக்கம் வராதீங்க." செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

பஸ் இழவு வீடாகிவிட்டது. பக்கத்து சீட்டில் ஒருவரும் உட்காரவில்லை. யார் லீவு போட்டாலும் பாட்டில்லை. தொரப்பள்ளிப் பிரிவில் பஸ் பழக்கத்தில் நிற்கும், ஒருவரும் ஏறமாட்டார்கள், கிளம்பிவிடும். ரோட்டோரம்தான் அவள் வீடு. கதவு சாத்தியே இருக்கும்.

ஒரு நாள் பஸ் அங்கே நின்றபோது எனக்கு ஏதோ ஆகிவிட்டது. வராதவளைப் பாடவேண்டும் என்பது அவள் வைத்த சட்டம்தானே? அவளை மட்டும் ஏன் பாடாமல் விட்டோம்? பாடாவிட்டால் அவள் இனி வரமாட்டாள் என்று நாமே முடிவுகட்டின மாதிரி ஆகாதா? ஜன்னல் கண்ணாடியைத் தள்ளிக் கத்தினேன்.

படுத்துக்கிட்டே சம்பளம் கேக்கும் பவுசப் பாரு
பக்கத்து சீட்டு காலியாக் கெடக்கு!

ஒன்றுமில்லை. மறுநாளும் கத்தினேன். அதற்கு மறுநாள் மற்ற பெண்களும் சேர்ந்து கத்தினார்கள். கதவு திறக்கவில்லை. எட்ட நின்று சொன்னால் வசவு என்றாளே, அவளுக்கு வசவாகவே விழுகிறதோ என்று சீட்டுக் கம்பியில் தலையை முட்டி அழுதேன். பாட்டை நிறுத்திவிடலாம் என்றேன்.

டிரைவர் பஸ்ஸை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தார். "பாடும்மா. இத்தன சத்தத்துல அந்தப் பொண்ணுக்கு எங்க கேக்கும்? லேட்டானா கம்பெனி கேட்டுல நான் பேசிக்கறேன்."

பஸ் அமைதியானது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

பாட்டுக்காரி பதுங்கிக்கிட்டா பதில் சொல்லப் பயந்து
நான் பாடுற பாட்டு எல்லாம் அவளுக்குத்தான்!

கதவு படாரென்று திறந்தது. மாமியார் கையில் துடைப்பத்தோடு வெளியே வந்தார். அவருக்குப் பின்னால், உள்ளே, பிளாஸ்டிக் நாற்காலியில் தலையணை முட்டுக்கொடுத்து அவளை உட்காரவைத்திருந்தார்கள். முகம் இன்னும் கோணல்தான். ஆனால் பார்த்தாள். நேராக என்னைப் பார்த்தாள். இடது கை மடியிலிருந்து மெல்ல எழுந்தது, பாதியில் விழுந்தது, மறுபடி எழுந்தது. மூக்கைப் பொத்தியது.

பஸ்ஸில் யாரோ வீறிட்டார்கள். மாமியார் திரும்பிப் பார்த்துத் துடைப்பத்தை நழுவவிட்டார்.

"ஊசிப்போச்சாடி?" என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுகையோடு கத்தினேன். "நாறுதா? நாறட்டும்! நல்ல பாட்டு வேணும்னா நீயே வந்து பாடுடி!"

அவள் மூக்கிலிருந்து கையை எடுக்கவே இல்லை.