கிளட்ச் இல்லாத காடி

எங்கள் காடியின் புது வடிவம் விற்பனைக்கு வந்துவிட்டது என்று கோலாலம்பூரிலிருந்து மகள் படம் அனுப்பியிருந்தாள். என் கணவர் கைப்பேசியைக் கைநீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பெயர் அதே பெயர்தான். ஆனால் விளக்குகள் கண்ணை இடுக்கிப் பார்ப்பதுபோல் ஒடுங்கியிருந்தன. கூரை பின்பக்கம் சரிந்து இறங்கியிருந்தது.

"நம்ம காடி மாதிரியே இல்லயே. கோவமா இருக்கிறவன் மூஞ்சி மாதிரி இருக்கு," என்றார்.

எங்களிடம் இருப்பது இதற்கு முந்தைய வடிவம். கிளட்ச் மிதித்துக் கியர் மாற்றி ஓட்டும் கார். மகள் ஆரம்பப் பள்ளியில் படித்தபோது வாங்கியது. அப்போது அவர் தொழிற்சாலை பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். அதற்கு முன் நியாலாஸ் பக்கத்துத் தோட்டத்தில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றும் லோரி. வாழ்நாள் முழுக்க யாருடைய வண்டியையோ ஓட்டிய மனிதர், தன் பெயரில் வாங்கிய ஒரே வண்டி அது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கும் போக வேண்டிய வேலை இல்லாவிட்டாலும் என்னையும் மகளையும் ஏற்றிக்கொண்டு எங்கள் புக்கிட் பெருவாங் வட்டாரத்தைச் சுற்றி வருவார்.

மூன்று வருடங்களுக்கு முன் அவருக்கு இடது பாதத்தில் ஒரு புண் வந்தது. செருப்புக் கடித்த புண்தான். சர்க்கரை நோய்க்காரருக்கு அது போதுமானதாக இருந்தது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபோது இடது முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. சில மாதங்கள் கழித்துச் செயற்கைக் கால் பொருத்தினார்கள். நடக்கப் பழகிவிட்டார். ஆனால் கிளட்ச் மிதிக்க அந்தக் கால் உதவவில்லை. எவ்வளவு அழுத்துகிறோம் என்பது அதற்குத் தெரியாது.

அன்றிலிருந்து நான்தான் ஓட்டினேன். கல்யாணமான புதிதில் எடுத்த லைசன் என்னிடம் இருந்தது. புதுப்பித்துக்கொண்டே வந்தேனே தவிர, ஓட்டியது கிடையாது. முதல் சில வாரங்கள் நான் கியர் மாற்றும்போதெல்லாம் காடி நாராசமாகக் கத்தும். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இடதுபக்கச் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, வெளியே ஏதோ முக்கியமானதைப் பார்ப்பவர்போல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். எனக்கு வலிக்கக்கூடாது என்பதற்காக. இத்தனைக்கும் பஸ்ஸில் ஒரு புது டிரைவர் கியரை உரசினால் பத்து ஊருக்குக் கேட்கிறமாதிரி ஏசுகிற மனிதர் அவர்.

மகள் விடவில்லை. "அப்பாவுக்கு வலது கால் நல்லாத்தானே இருக்கு? கிளட்ச் இல்லாத ஓட்டோ காடி ஓட்டலாம்மா," என்று சொல்லிச் சொல்லி, லீவு போட்டு வந்து டாக்டரிடமும் சாலைப் போக்குவரத்து இலாகாவிடமும் அழைத்துப் போனாள். ஓட்டுநர் பள்ளித் திடலில் அவர் ஒரு சின்னக் காடியை மெதுவாக ஓட்டிக் காட்டினார். ஓட்டோ மட்டும் ஓட்டலாம் என்று லைசனை மாற்றிக் கொடுத்தார்கள். அதை வாங்கிப் பர்சில் வைத்தார். அவ்வளவுதான். சாலையில் இறங்க எங்களிடம் ஓட்டோ காடி இல்லை, அவரும் கேட்கவில்லை.

அதனால்தான் அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்தது. காடி விற்கும் கடையில் ஓட்டிப் பார்க்க நாள் வாங்கினேன். அவரிடம் சொன்னபோது, "எனக்கெதுக்கு? நீதான் நல்லா ஓட்டுறியே," என்றார்.

"நீங்க ஓட்டணும்னு யாரு சொன்னா? சும்மா பாத்துட்டு வருவோம் வாங்க."

"பாக்குறதுக்குப் படமே போதும் லா," என்றார். ஆனால் சனிக்கிழமை காலையில் நான் குளித்துவிட்டு வரும்போது அவர் இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, காலையும் மாட்டிக்கொண்டு, வாசலில் நாற்காலியில் தயாராக இருந்தார்.

கடை பாயா ரும்புட்டில் இருந்தது. எங்கள் பழைய காடியை நான் புதுக் காடியின் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்தினேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்களுடையது பள்ளிக்கூடப் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்த பிள்ளை மாதிரி இருந்தது. மற்றது மெத்தையில் சாய்ந்து கிடந்தது.

எங்களைக் கவனிக்க வந்தது ஒரு தமிழ்ப் பெண். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். அவர் நடையைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். ஆனால் கண்ணை அங்கேயே நிறுத்தவில்லை.

"வாங்க அங்கிள், வாங்க ஆண்டி. யாரு ஓட்டிப் பாக்கப் போறது?"

"இவங்க," என்றார் அவர் என்னைக் காட்டி.

"ரெண்டு பேரும்," என்றேன் நான்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பின்பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லி நகர்ந்துவிட்டேன்.

பின்பெட்டி பெரிதாக இருந்தது. எங்கள் காடியில் அவருடைய சக்கர நாற்காலியைக் குறுக்காகச் செருகி, ஊன்றுகோலைப் பின்சீட்டில் போட வேண்டும். இதில் இரண்டும் படுத்துத் தூங்கலாம். ஆனால் அவர் பின்சீட்டில் ஏறிப் பார்த்தபோது சரிந்த கூரை தலையில் இடித்தது. "பின்னால உக்கார்றவன் கும்பிட்டுக்கிட்டேதான் வரணும் போல," என்று அவர் சொல்ல, அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

முதலில் நான் ஓட்டினேன். சாவி இல்லை, பொத்தான். கைப்பிரேக் இல்லை, அதுவும் பொத்தான். எங்கள் காடியில் ஸ்டியரிங் திருப்பினால் தோள்பட்டை வரை தெரியும். இதில் ஒரு விரல் போதும். எஞ்சின் ஓடுகிறதா என்றே தெரியவில்லை. கொஞ்சம் கோட்டைத் தாண்டியதும் காடி பீப் பீப் என்று கத்தியது.

"யாரு கூப்பிடுறா?" என்று அவர் திடுக்கிட்டார்.

"கோட்டத் தாண்டிட்டோம்னு சொல்லுது அங்கிள்," என்றாள் பின்னாலிருந்து அந்தப் பெண்.

"நான் மூணு வருஷமா சொல்லாம இருந்தேன். இது வந்தவொடனே சொல்லிருச்சே!"

நான் சிரித்ததில் காடி மறுபடியும் கோட்டைத் தாண்டியது.

ஓர் ஓரமாக நிறுத்தி, நான் இறங்கினேன். "இப்ப நீங்க," என்றேன். மறுப்பார் என்று நினைத்தேன். அவர் கொஞ்ச நேரம் கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதவைத் திறந்து, மேலே இருந்த கைப்பிடியைப் பற்றிச் சிரமப்பட்டு எழுந்து, காடியைப் பிடித்தபடியே சுற்றிக்கொண்டு போனார். நான் உதவிக்குப் போகவில்லை. சில நேரம் உதவி செய்யாமல் இருப்பதுதான் கஷ்டம்.

வலதுபக்கச் சீட்டில் உட்கார்ந்ததும் அவர் முதலில் செய்தது கண்ணாடிகளைச் சரிசெய்வது. நடுக் கண்ணாடி, வலது, இடது. பொத்தானைத் தேடிக் கண்டுபிடித்து மெல்ல நகர்த்தினார். பஸ் எடுக்கும் முன் அவர் தினமும் செய்தது அதுதான். ரொம்ப நாள் கழித்து அந்த முகத்தைப் பார்த்தேன். வேலைக்குக் கிளம்புகிற முகம்.

காடி நகர்ந்தது. முதலில் மெதுவாக. ஒரு மோட்டார் சைக்கிளுக்கு வழிவிட்டு, ஒரு லோரியைத் தாண்டி, சீராகப் போனார். கோட்டைத் தாண்டியதாகக் காடி ஒரு தடவைகூடக் கத்தவில்லை. முதல் சமிக்ஞை விளக்கில் சிவப்பு விழுந்தது. அவர் வலது காலால் பிரேக்கை அழுத்தினார். அதே கணத்தில் இடது கால் முன்னே போய்த் தரையில் 'தொம்' என்று இடித்தது.

கிளட்சைத் தேடியிருக்கிறது. கியர் வண்டி ஓட்டியே பழகிய காலின் பழக்கம். பாதம் போனபிறகும் போகவில்லை.

விளக்குப் பச்சையானது. அடுத்த விளக்கிலும் சிவப்பு. மறுபடியும் 'தொம்'. அவர் காது சிவந்துவிட்டதைப் பார்த்தேன். நான் என் வலது கையை எடுத்து அவருடைய இடது முழங்காலின்மேல் வைத்தேன். அழுத்தவில்லை. சும்மா வைத்திருந்தேன்.

மூன்றாவது விளக்கில் அந்தத் தொடை இறுகுவதும், பிறகு என் கைக்கடியில் மெல்லத் தளர்வதும் தெரிந்தது. சத்தம் வரவில்லை.

"எடுத்துராத," என்றார் சாலையைப் பார்த்தபடியே.

"எடுக்கல."

பின்சீட்டிலிருந்த பெண், "அங்கிள், அடுத்த யூ-டர்ன்ல திரும்பிரலாம். அதுதான் நம்ம ரூட்," என்றாள். அவர் தலையாட்டினார். யூ-டர்ன் வந்தது, போனது. அவர் திரும்பவில்லை. கேட்டதா, கேட்காததுபோல் இருந்தாரா, எனக்குத் தெரியாது. நான் கண்ணாடியில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பரவால்ல அங்கிள், அதுக்கடுத்ததும் இருக்கு," என்றாள்.

அதற்கடுத்ததையும் தாண்டித்தான் திரும்பினோம்.

கடைக்கு வந்து நிறுத்தியபோது அவர் முகத்தில் வேர்வை; உள்ளே நல்ல குளிர் இருந்தும். "நல்லாத்தான் ஓடுது," என்றார். நான் மனத்திற்குள் அந்தக் காடியை வாங்கியே விட்டேன். எந்த நிறம் என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அப்போதுதான் அவர் இறங்கப் பார்த்தார். முடியவில்லை.

சீட்டு ரொம்பத் தாழ்வு. வலது காலை வெளியே ஊன்றிவிட்டார். ஆனால் உடம்பைத் தூக்க இடது கால் ஒத்துழைக்கவில்லை. டிரைவர் பக்கம் மேலே கைப்பிடியும் இல்லை. முன்கண்ணாடி ஓரத்துச் சரிந்த தூண் கைக்கு எட்டியும் பிடி கொடுக்கவில்லை. முயன்றார், சீட்டில் விழுந்தார். மறுபடியும் முயன்றார். கடைக்குள்ளிருந்து இரண்டு மூன்று பேர் வெளியே பார்த்தார்கள்.

நான் ஓடிப்போய் முன்னால் குனிந்தேன். மருத்துவமனையில் பழகியதுபோல அவர் கைகளை என் கழுத்தில் போட்டுக்கொண்டு, இடுப்பைச் சேர்த்துப் பிடித்து, ஒரே மூச்சில் தூக்கினேன். எழுந்து நின்ற பிறகும் அவர் உடனே கையை எடுக்கவில்லை.

"எல்லாரும் பாக்குறாங்க," என்றார் என் காதருகில்.

"பாக்கட்டும்."

"ஓட்ட முடியுது. எறங்கத்தான் முடியல," என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது.

அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு எங்கள் பழைய காடியைக் காட்டி, "அங்கிள், இதுல எப்படி ஏறி எறங்குவீங்க? டிரைவர் சீட்ல. கொஞ்சம் செஞ்சு காட்டுங்க," என்றாள். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. அவர் போய் உட்கார்ந்தார். கதவின் மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஒருமுறை முன்னால் சாய்ந்து, எழுந்துவிட்டார். யார் உதவியும் இல்லை.

"சீட்டு ஒயரம்," என்றாள். "கதவும் நேரா இருக்கு. ஆண்டி, நெஜமா சொல்றேன், புது காடி அங்கிளுக்கு சரிவராது. இதே பழைய மாடல்லயே ஓட்டோ வந்துச்சு, தெரியுமா? யாராச்சும் புதுசு எடுக்க வரும்போது அத எங்ககிட்ட விடுவாங்க. நல்லதா வந்தா உங்களுக்குத்தான் மொதல்ல போன் பண்ணுவேன்."

விற்க வந்தவள் விற்காமல் அனுப்புகிறாளே என்று எனக்கு ஆச்சரியம். திரும்பி வரும் வழியில் அவரிடம் அதைச் சொன்னேன். "நல்ல புள்ள," என்றார். கொஞ்சம் கழித்து, "போன் பண்ண மாட்டா. மறந்துருவா," என்றார்.

அவள் மறக்கவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். நான் வேலை பார்க்கும் பல் கிளினிக்கில் மத்தியானம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எங்களுடைய மாடலேதான். ஓட்டோ. வெள்ளை நிறம். ஆசிரியை ஒருவர் வைத்திருந்தது, செல்லப் பூனை மாதிரிப் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார் என்றாள். அன்று சாயங்காலமே போனோம். அவர் ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். கண்ணாடிகளைச் சரிசெய்தார். "நம்ம வீட்டுக்குள்ள வந்த மாதிரி இருக்கு," என்றார். எங்கள் பழைய காடியை என் தம்பி எடுத்துக்கொண்டான்.

வெள்ளைக் காடியில் முதல் நெடும்பயணம் நியாலாசுக்கு. அவருடைய அக்கா அங்கே இன்னும் இருக்கிறார். நான் வழக்கம்போல் அவர் முழங்காலில் கை வைத்தபடி வந்தேன். ஆயர் குரோ தாண்டும்வரை வைத்திருந்தது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் ஞாபகம் இல்லை.

கண் விழித்தபோது காடி ஒரு மரநிழலில் நின்றுகொண்டிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, குளிர்க்காற்று என்மேல் படாமல் வேறுபக்கம் திருப்பிவிடப்பட்டிருந்தது. இருபுறமும் செம்பனை. எதிரே அக்கா வீட்டு வாசலில் அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு எங்களையே பார்த்து நின்றார்.

"வந்து ரொம்ப நேரமாச்சா?" என்றேன்.

"கொஞ்ச நேரந்தான்."

"எழுப்ப வேண்டியதுதானே? அக்கா என்ன நெனப்பாங்க?"

"அவ ரெண்டு தடவ வந்து கண்ணாடியத் தட்டப் பாத்தா. நான்தான் சத்தம் போடாதன்னு சொன்னேன்," என்றார். "மூணு வருஷமா நீதானே ஓட்டுன. தூங்கு. இன்னும் கொஞ்சம் தூங்குறதுன்னா தூங்கு."