என் வலது கையும் என் கணவரின் நேர்ச்சையும்

ஆண்டவருக்குள் எனக்கு உறவானவர்களே, என் பெயர் ஆரோக்கியமேரி. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மரவள்ளியும் இரண்டு கறவை மாடும் உண்டு. போன தவக்காலத்தில் ஒரு காலை, பால் கறந்துகொண்டிருந்தபோது என் வலது கை மாட்டின் மடியிலிருந்து தானாக நழுவியது. வாய் கோணியது. பக்கவாதம் என்றார்கள். என் கணவர் சவரிமுத்து உடனே வண்டி பிடித்து தருமபுரிக்குக் கொண்டுபோனதால் உயிர் தப்பியது. வாயும் காலும் சில வாரங்களில் சரியாயின. கை மட்டும் வரவில்லை. யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி அது என் மடியில் கிடந்தது.

அழுதேன். ஆண்டவரோடு சண்டையும் போட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். அது அவருக்கும் தெரியும்.

அரூரில் உள்ள ஒரு பிசியோதெரபி நிலையத்துக்குப் பஸ்ஸில் போய்வர ஆரம்பித்தோம். அங்கே இருந்த மேடம் முதல் நாளே கேட்டார்.

"இந்தக் கை சரியாச்சுன்னா மொதல்ல என்ன பண்ணணும்னு ஆசப்படறீங்க?"

பால் கறக்கணும் என்று சொல்லத்தான் நினைத்தேன். வாயில் வந்தது வேறு. "கோயில்ல நன்மை வாங்கி நானே வாயில வெச்சுக்கணுங்க."

கை விழுந்ததிலிருந்து பங்குச் சாமியார் அந்த நன்மையை, அதாவது நற்கருணை அப்பத்தை, என் நாவில்தான் வைத்தார். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இடது உள்ளங்கையில் வாங்கி, வலது விரல்களால் எடுத்து உண்பதுதான் எனக்குப் பழகியது. மேடம் இந்து. அவருக்கு விளக்கிச் சொன்னேன். "மெல்லிசா, வட்டமா இருக்குங்க. அழுத்துனா ஒடஞ்சுடும்." அவர் சிரித்தார். "அப்ப அதையும் நம்ம அளவுல சேத்துக்கலாம்மா."

அப்படித்தான் மாதாமாதம் என்னை அளந்தார். பிடியின் பலத்தை முள் நகர்ந்து காட்டும் ஒரு கருவியைப் பிடித்து அழுத்தச் சொல்வார். மரக்கட்டைகளை ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றச் சொல்வார். முழங்கை எவ்வளவு மடங்குகிறது, கை வாய்வரை வருகிறதா என்று பார்ப்பார். கடைசியாக, இடது உள்ளங்கையில் ஒரு சின்ன அப்பளத்தை வைத்து, உடையாமல் எடுக்கச் சொல்வார். நான் எடுத்ததெல்லாம் தூள்தான்.

முதலில் முள் நன்றாக ஏறியது. பிறகு நின்றுவிட்டது. அடுத்த மாதமும் அதே இடம், அதற்கடுத்த மாதமும் அதே இடம். மேடம் மறைக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் பாப்போம்மா. இதே மாதிரி நின்னுட்டா, இடது கைய வெச்சே சமாளிக்கறது எப்படின்னு சொல்லித் தரேன்."

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டேன். "ஆண்டவரே, கையைக் கொடும். இல்லாவிட்டால் எது தடுக்கிறது என்றாவது காட்டும்" என்று கேட்டேன். அதற்குமேல் ஜெபிக்க வார்த்தை இல்லை.

அடுத்த முறை போனபோது மேடம் கருவியையே எடுக்கவில்லை. "வூட்ல இந்தக் கை என்னம்மா வேல பண்ணுது?" என்று கேட்டார்.

நான் வாய் திறக்கும் முன் என் கணவர் பெருமையாகச் சொன்னார். "ஒண்ணும் பண்ண வுடறதில்லீங்க. சோறு ஊட்டறது, தல சீவறது எல்லாம் நான்தாங்க. இவ கை வர்ற வரைக்கும் ஒரு துரும்பக்கூட அசைக்க வுடமாட்டேன்னு மாதாகிட்ட நேந்துக்கிட்டேனுங்க."

மேடம் என் வலது கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அய்யா, இங்க வந்து செய்யறது மட்டும் பத்தாதுங்க. வூட்ல வேல இல்லாத கை மேல வராது."

என் ஜெபத்துக்குப் பதில் வந்துவிட்டது என்று எனக்கு அங்கேயே தெரிந்தது. ஆனால் என் கணவரின் முகம் வெளுத்துப்போனது. மாதாவுக்கு நேர்ந்ததை எங்கள் வீடுகளில் யாரும் மீறுவதில்லை. "மீறுனா இன்னொரு கையும் போயிடுமோ மேரி?" என்று பஸ்ஸில் கேட்டார். அவ்வளவு பயம், அவ்வளவு பாசம். என்னால் கோபப்படக்கூட முடியவில்லை.

இறங்கியதும் நேரே பங்குச் சாமியாரிடம் போனோம். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சவரி, உன் ஒழப்ப நீ மாதாவுக்குக் குடுக்கலாம். அவ ஒழப்பையும் சேத்துக் குடுக்க நீ யாரு?" என்றார். பிறகு, "நேர்ச்சைய மாத்தித் தரேன். இனிமே அவ சாப்புடறப்ப நீ கையக் கட்டிக்கிட்டுப் பக்கத்துல உக்காரு. இதுதான் உனக்குக் கஷ்டம்" என்று சொல்லி, இருவர் தலையிலும் கைவைத்து ஜெபித்தார்.

கஷ்டம்தான். ரசம் என் புடவையில் வழியும். என் கணவர் கையைக் கட்டிக்கொண்டு மாதாவுக்கான அருள்நிறை மந்திரத்தை விரட்டி விரட்டிச் சொல்வார். "ஏங்க, மெதுவா சொல்லுங்க, மாதாவுக்கே மூச்சு வாங்கப் போவுது" என்பேன். வீட்டிலும் அப்பளம் எடுத்துப் பழகினேன்; உடைந்ததையெல்லாம் கோழிகள் தின்று கொழுத்தன. அடுத்து அளந்தபோது, நின்றிருந்த முள் நகர்ந்தது. மேடம் கருவியை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். நான் ஸ்தோத்திரம் சொன்னேன். மேடமும் கும்பிட்டுக்கொண்டார்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிறு காலைத் திருப்பலி. வரிசையில் எனக்குப் பின்னால் என் கணவர் நின்றார். நற்கருணையை இடது உள்ளங்கையில் வாங்கினேன். வலது கையைக் கொண்டுபோனேன். ஒருமுறை விரல் வழுக்கியது. சாமியார் அவசரப்படுத்தாமல் நின்றார். மறுபடி எடுத்தேன். உடையவில்லை. வாயில் வைத்தேன்.

இடத்துக்கு வந்து திரும்பிப் பார்த்தால், பின்னாலேயே வந்த என் கணவர் இன்னும் கையைக் கட்டிக்கொண்டே நிற்கிறார். கண்ணீர் தாடிவரை இறங்கிவிட்டது, துடைக்கவில்லை. நான்தான் துடைத்துவிட்டேன், வலது கையால்.

சுண்டுவிரல் இன்னும் நிமிரவில்லை. பால் பாதி நான் கறக்கிறேன், மீதி அவர். இதற்கே ஆண்டவருக்குக் கோடி நன்றி. வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு கண்ணீரோடு இதை வாசிக்கிறவர்களே, நம்பிக் கேளுங்கள். அவர்கள் எழுந்திருக்கும் பலத்தைக் கேளுங்கள். அவர்கள் தடுமாறும்போது கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் இருக்கும் பலத்தை உங்களுக்கும் கேளுங்கள். இரண்டையும் ஆண்டவர் எங்கள் வீட்டுக்குக் கொடுத்தார்.