எமர்ஜென்சி நாலாவது அடுக்கில்

இன்று காலை மைசூர் டவுன் பஸ். பக்கத்து சீட் அக்கா போனை நீட்டினார். "மாமனாருக்கு மூச்சு வாங்குதாம்மா. இதுல எமர்ஜென்சி நம்பர் எங்க இருக்கு, ஸ்வல்ப பாரும்மா."

பார்த்தால், நான் செய்து கொடுத்த நர்சிங் ஹோம் வெப்சைட்.

மெனு போடும்போது ஒவ்வொரு டாக்டரும் தன் டிபார்ட்மென்ட்தான் மேலே வரவேண்டும் என்று சண்டை போட்டார். எல்லோரையும் மேலே ஏற்றினேன். எமர்ஜென்சியை டாக்டர்கள் முறை வைத்துப் பார்க்கிறார்கள். அதற்காகச் சண்டை போட ஆளில்லை. மெனுவுக்குள் மெனுவாக நாலாவது அடுக்குக்குப் போய்விட்டது.

மெனுவைத் திறந்தேன். விரல் கொஞ்சம் நகர்ந்ததும் மொத்தமும் மூடிக்கொண்டது. மறுபடி தொட்டேன். முகப்புப் படத்தில் கண் டாக்டர் சிரித்தார்.

"விடும்மா, ஆட்டோவுலயே கூட்டிட்டுப் போகச் சொல்றேன்" என்று போனை வாங்கிக்கொண்டார். "எந்தப் புண்ணியவான் பண்ணானோ!"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இறங்குவதற்குள் நர்சிங் ஹோம் மேனேஜரின் மெசேஜ்: "மேடம், புதுசா தோல் டாக்டர் வந்திருக்கார். அவரும் மேலேதான் வேணும்கிறார். வேற எதையாவது கீழே தள்ளிடுங்க."

தள்ளினால் சண்டைக்கு வராதது அங்கே ஒன்றுதான் இருக்கிறது. வேறு யோசனை இருந்தால் சொல்லுங்கள்.