ஆளில்லை என்று எழுதிய வீடு

1. ஆறாவது காலம்

"ஆரோக்கியசாமிங்கிறது யாரு?"

ஊராட்சி அலுவலக வாசலில் ஓர் அம்மாள் இப்படிக் கேட்டபோது நான் உள்ளே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். புரைக்கேறிவிட்டது. ஆளில்லாத வீடு என்று என் பெயரோடு நான் அவர் வீட்டுக் கதவில் ஒட்டியிருந்த நோட்டீஸ், காய்ந்த பசையோடு அவர் கையில் இருந்தது.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. கண்டனூருக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், ஊருக்கு மேற்கே செம்மண் பொட்டலில், எங்கள் கம்பெனியின் நாலு காற்றாலைகள் ஓடிக்கொண்டிருந்தன. இன்னும் மூன்று போட வேண்டும். அதற்கு ஊராட்சி மன்றம் தீர்மானம் போட்டு, ஆட்சேபணை இல்லை என்று சான்று தர வேண்டும். என்.ஓ.சி. என்போம். அதை வாங்குவது என் பொறுப்பு. வாங்கிவிட்டால் என் வேலை பெர்மனென்ட் ஆகும் என்று கோயம்புத்தூர் மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். மூன்று வருஷமாகத் தற்காலிகப் பணியாளன், வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். எனக்கு அந்த மூன்று மிஷினும் கண்ணில் படவில்லை, அந்த பெர்மனென்ட் ஆர்டர்தான் நின்றது.

குடியிருக்கும் வீட்டுக்கு முந்நூறு மீட்டருக்குள் டவர் வைக்கக் கூடாது என்பது எங்கள் லேஅவுட் விதி. மூன்றாவது ஸ்பாட்டிலிருந்து இருநூறு மீட்டரில் ஒரு பெரிய செட்டியார் வீடு இருந்தது. பெரிய பூட்டு. உள்ளே தினம் பெருக்கிவிட்டுப் போகும் காவல்காரர் கருப்பையாவிடம், இங்கே இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். யாரும் இல்லை என்றார். படிவத்தின் ஆறாவது காலத்தில், குடியிருப்போர் விவரம் கேட்கும் கட்டத்தில், 'வசிப்போர்: இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். என் கையெழுத்து அழகாக இருக்கும், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த அம்மாள் விசாலாட்சி ஆச்சி. நாற்பத்தைந்து வயதிருக்கும், சென்னைவாசி. தை மாதம் மகள் கல்யாணம். வீட்டுக்கு வெள்ளையடிக்க மார்கழியிலேயே வந்துவிட்டார்.

"ஆளில்லாத வீடுன்னு எழுதியிருக்கீகளே, எதை வச்சு எழுதினீக?"

"பூட்டிக் கிடந்துச்சு ஆச்சி."

"நீங்க வீட்டப் பூட்டிட்டு வேளாங்கண்ணிக்குப் போவீகள்ல? அப்ப அது ஆளில்லாத வீடாயிருமா?"

எழுத்தர் சிரிப்பை அடக்கக் கோப்புக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். எனக்குக் கோபம் சுள்ளென்று வந்தது. கோபம் வந்தால் நான் படிவத்தைக் காட்டிப் பேசுவேன். அன்றும் காட்டினேன். ஆச்சி அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "நடங்க, வீட்டக் காட்டுறேன்" என்று முன்னால் நடந்துவிட்டார்.

2. பதினாலு கதவு

நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் பத்தி என்கிற தாழ்வாரம், பத்தி நெடுக வரிசையாக அறைகள். ஒவ்வொரு கதவிலும் தனித்தனிப் பூட்டு. ஆச்சி சாவிக்கொத்தோடு கதவு கதவாகப் போனார். இது பெரிய மச்சான் அறை, பினாங்கில் இருக்கிறார். இது கொழுந்தனார் அறை, மதுரை. இது போன வருஷம் கல்யாணமான பையனுடையது, இன்னும் பெயின்ட் வாசம் போகவில்லை. இங்கே கல்யாணமான ஒவ்வொரு ஜோடியும் ஒரு புள்ளி. புள்ளிக்கு ஓர் அறை. ஊர்க் கோயில் வரியும் புள்ளிக் கணக்கில்தான்.

"எங்க வீட்டுக்குப் பதினாலு புள்ளி. நீங்க முட்டை போட்டுட்டீக."

மாடிக்குப் போனோம். தென்மேற்கே மூன்றாவது ஸ்பாட்டுக்கு நான் ஊன்றிய சிவப்புக்கொடி முளை நேராகத் தெரிந்தது. அங்கேதான் எனக்கு உறைத்தது. தை மாதச் சூரியன் அந்தப் பக்கம்தான் இறங்கும். மிஷின் நின்றுவிட்டால், இனி வரும் தைகளில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் இறக்கையின் நிழல் நீண்டு வந்து, கல்யாணம் நடக்கும் முற்றத்தில் விட்டு விட்டு விழும். பழைய மிஷின்களின் நிழல் அப்படி விழும்போது ஆடுகள் மிரண்டு ஓடுவதை நான் மூன்று வருஷமாகப் பார்த்திருக்கிறேன். இந்த வீட்டைப் பூட்டோடு பார்த்த எனக்கு அது தோன்றவே இல்லை.

ஆச்சியிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன். அவர் கொடியைப் பார்த்தபடியே சொன்னார்.

"காத்தாடி வேணாம்னு நான் சொல்ல வரல. ஊருக்குக் கரண்டு வந்தா நல்லதுதான். ஆனா எங்க வீட்டுல யாருமில்லன்னு எழுதினதை மாத்துங்க. நாளைக்கு மன்றக் கூட்டத்துல மாத்துங்க."

கருப்பையா காப்பி கொண்டுவந்தார். "நீங்க இப்ப யாரு இருக்காகன்னுல்ல கேட்டீக" என்றார் என்னிடம், மெதுவாக.

3. எஸ்.டி.டி. பூத்

கோட்டையூர் பஸ் ஸ்டாண்டு பூத்திலிருந்து மேனேஜருக்குப் போன் போட்டேன். நல்ல மனுஷர், அதிர்ந்து பேசமாட்டார். அதுதான் பயம்.

"ஏனுங்க ஆரோக்கியசாமி, அந்த வார்த்தைய மாத்துனா ஒரு மிஷின் போச்சு, தெரியுமில்லீங்க? நீங்க கையெழுத்துப் போட்ட பேப்பரு. மாத்துனா தப்புப் பண்ணினேன்னு நீங்களே எழுதிக் குடுத்த மாதிரிங்க. உங்க கன்பர்மேஷன் ஃபைல் இப்ப என் மேசையிலதான் இருக்குது."

வீட்டுக்குப் போய் ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவள் பள்ளிக்கூட ஆசிரியை, பிள்ளைகளின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். தப்பு என்று தெரிந்தபிறகும் விட்டால் அது வேறு தப்பு என்று சொல்லிவிட்டு அடுத்த தாளை எடுத்தாள். எனக்கு அவள்மேல் எரிச்சலாக வந்தது. பெர்மனென்ட் ஆகாவிட்டால் என்ன செய்வது என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று இருந்தது.

4. மன்றக் கூட்டம்

மறுநாள் மன்றத்தில் எழுந்து நின்றேன். ஆறாவது காலத்தில் நான் எழுதியது தவறு, சரிபார்க்காமல் எழுதிவிட்டேன் என்று சொல்லி, 'இல்லை' என்பதை அடித்து, 'பதினான்கு புள்ளி' என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். அதோடு மூன்றாவது ஸ்பாட் விதிப்படி நிற்காது என்பதையும் சொன்னேன். அரசாங்கப் படிவத்தில் புள்ளி என்றெல்லாம் எழுதலாமா என்று எழுத்தர் முனகினார். எழுதியது எழுதியபடியே இருக்கட்டும் என்றார் தலைவர். இரண்டு மிஷினுக்குத் தீர்மானம் ஆனது. மூன்றாவது கைவிட்டுப் போனது. என் ஆர்டரும் அதோடு போனது என்றே நினைத்தேன்.

வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டினேன். ஆச்சி பின்னாலேயே வந்தார்.

"அங்குட்டு, ஊரணிக்கு வடக்கே பொட்டல் கிடக்குல்ல, அதுவும் எங்க வீட்டு நிலந்தான். காத்து எப்படின்னு பாருங்க. ஒத்துவந்தா அங்க வச்சுக்கிடுங்க."

வீட்டுக்கு அரை கிலோமீட்டர் தள்ளி, நிழல் விழாத வடக்குப் பக்கம். நான் சைக்கிள் ஸ்டாண்டைத் திரும்பப் போட்டேன்.

"ஆனா பதினாலு புள்ளிக்கும் பொதுவான நிலம். பதினாலு பேரும் கையெழுத்துப் போடணும். தை கல்யாணத்துக்கு அம்புட்டுப் பேரும் வருவாக. அன்னைக்குப் பேப்பரோட வாங்க."

5. கல்யாணத்தன்று

வடக்குப் பொட்டலில் காற்று ஒத்துவந்தது. ஸ்டாம்ப் பேப்பர், இங்க் பேடு, இரண்டு பேனாவோடு போனேன். வெள்ளைச் சட்டை போட்டுப் போனது என் மடத்தனம், மத்தியானத்துக்குள் அதன் பை பேனா மையில் நீலமாகிவிட்டது. பினாங்கு மச்சான் ஷரத்து ஷரத்தாகப் படித்தார். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு அண்ணன் தம்பிகள், ஒருவர் கையெழுத்துக்குக் கீழே மற்றவர் போட மாட்டேன் என்றார். நடுவில், போன வருஷம் கல்யாணமான பையனைப் போடச் சொல்லிச் சமாளித்தேன். ஒருவர் பந்தி முடியட்டும் என்றார், பந்தியில் என்னையும் உட்கார வைத்துவிட்டார். பதினாலாவது ஆள் காரில் ஏறிவிட்டார். ஓடிப்போய், கார் பானட்டின் மேல் வைத்து வாங்கினேன்.

மூச்சு வாங்க முற்றத்துக்குத் திரும்பியபோது மணி ஐந்தரை. தென்மேற்கு வெயில் ஒரே சீராக மாடி வழியே இறங்கி, பொண்ணு மாப்பிள்ளை முகத்தில் விழுந்தது. அந்தப் பக்கம் நான் ஊன்றிய கொடியைப் பிடுங்கியாகிவிட்டது, இனி எந்தத் தையிலும் இங்கே இறக்கை நிழல் விழாது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மன்றத்தில் மூன்றாவதற்கும் தீர்மானம் வாங்கி, ஒப்பந்தத்தோடு மேனேஜருக்கு அனுப்பினேன். பதில் கடிதம் வர இரண்டு மாதம் ஆயிற்று. பெர்மனென்ட் ஆர்டரோடு ஒரு துண்டுச்சீட்டும் வைத்திருந்தார்: இனிமேல் பூட்டிய வீட்டைப் பார்த்தால் என்னைக் கேளுங்கள்.

அவரைக் கேட்டதில்லை. 'வசிப்போர்: இல்லை' என்று நான் எழுதிய வீட்டில் கையெழுத்து வாங்கவே எனக்குக் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆனது, அது போதும். அதற்குப் பிறகு எத்தனையோ ஊரில் சர்வே செய்தேன். பூட்டிய வீட்டுக்கு முன்னால் நின்றால் பேனாவை எடுக்கமாட்டேன். பக்கத்தில் யாரையாவது தேடிப் பிடித்து, யார் இருக்கிறார்கள் என்று கேட்காமல், இப்படித்தான் கேட்பேன்:

"எப்ப வருவாக?"