உரசிப் பார்த்த துண்டு

காலை ஏழு மணிக்குத் தாயில்பட்டி விலக்கில் பட்டாசுக் கம்பெனி வேனுக்காக நின்றிருந்தார் ஒரு அம்மா. சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டிருந்தார். கழுவியும் போகாத வெள்ளிப் பொடி புருவத்தில் மினுங்கியது. பக்கத்தில் நின்ற, வேலைக்குப் புதிதாக வந்த பெண்ணின் முந்தானையை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உரசிப் பார்த்து, சரி என்று தலையாட்டினார்.

நான் எங்கள் வேட்பாளரின் படம் போட்ட துண்டுகளைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவரை அண்ணன் என்போம். அவர் பேச்சைக் கேட்டு, பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்தவன் நான்.

"வேலை செய்யும்போது தலையில கட்டிக்கங்கக்கா."

வாங்கியவர் அதையும் உரசிப் பார்த்தார்.

"இது நைலான்ய்யா. வெடிமருந்து ரூம்ல உரசுனா பொறி பறக்கும். கேட்லயே உருவிப் போட்டுருவாக."

"அண்ணன் ஜெயிச்சா இனிமே வெடி விபத்துல ஒரு உசுரு போகாதுன்னு சத்தியம் பண்ணியிருக்காருக்கா."

"கேட்டேன். நல்லாத்தான் பேசுறாக. எனக்கே கண்ணு கலங்கிருச்சு." துண்டை நாலாக மடித்து என் கையில் வைத்தார். "எங்க உசுரக் காப்பாத்த வர்றீக. நாங்க எந்தத் துணி உடுத்தலாம்னு எங்கள்ல ஒருத்தர்ட்டயாவது கேட்டீகளாய்யா?"

வேன் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

சாயங்காலம் சாத்தூர்க் கூட்டத்தில் அண்ணன் அதே சத்தியத்தை மறுபடியும் செய்தார். மொத்தக் கூட்டமும் எழுந்து துண்டைச் சுழற்றியது. நானும் எழுந்து தோளில் கிடந்ததை எடுத்தேன். சுழற்றக் கை வரவில்லை. கூட்டம் முடியும்வரை அதை உரசிப் பார்த்துக்கொண்டே நின்றேன்.