இரத்தம் கூடிய மனிதர்

பதுளையில் ஒரு கிளினிக்கில் சாப்பாட்டு ஆலோசனை சொல்வது என் வேலை. நான் சொல்வதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஒருவர் மட்டும் கேட்டார். பெண் என்று வளர்க்கப்பட்டு, இப்போது ஆணாக வாழ்பவர். ஆண் ஹோர்மோன் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்னும் வரிசை வீடுகளிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். பேசுமுன் அரும்பு மீசையை ஒரு விரலால் தடவி, அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார்.

"பசி தாங்கலைங்க மிஸ். அஞ்சு ரொட்டியும் பத்தல."

ரொட்டியைக் குறைத்து முட்டை, பருப்பு, காய்கறி சேர்க்கச் சொன்னேன்.

ஒருமுறை பரிசோதனையில் அவருக்கு இரத்தம் தேவைக்கு மேல் ஏறியிருந்தது. இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தும்படி டொக்டர் சொல்லி அனுப்பினார். "அதை ஏன் குடிச்சீங்க?" என்று அதட்டினேன்.

"கொழுந்து எடுத்தப்ப எனக்கு ரத்தம் குறைவுங்க. லயத்துப் பொம்பளைங்க எல்லாருக்கும் அப்படித்தான். அம்மா இன்னமும் அவங்க மாத்திரைய எனக்குத் தந்துடுறாங்க. அவங்களுக்கு நான் இன்னும் மகதான்."

"அம்மா மாத்திரைய அம்மாவே குடிக்கட்டும். இந்த ஊசியே ரத்தத்தக் கூட்டும், தம்பி."

அறை அதிரச் சிரித்தார். அம்மா நம்பமாட்டார் என்று, இரத்தம் கூடியிருப்பதைத் தமிழில் ஒரு துண்டுத்தாளில் எழுதி வாங்கிப்போனார்.

அடுத்த மாதம் மீசையைத் தடவக்கூட மறந்து ஓடிவந்தார்.

"மிஸ், அம்மா அந்தத் துண்ட லயம் பூரா காட்டிட்டாங்க! 'எம் மவனுக்கு ரத்தம் ஜாஸ்தியாம்'னு!"

இன்னொரு தடவையும் சொன்னார். 'எம் மவனுக்கு' என்றதும் நிறுத்தி, என் முகத்தைப் பார்த்தார்.

மாத்திரை நின்றதா என்று நான் கேட்கவே இல்லை.