என் வீட்டுத் திற்பரப்பு

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நானும் மனைவியும் கோயிலை விட்டு வெளியே வந்தோம். பின்னால் ஒரு குரல்...

"ஏட்டி, திற்பரப்பு போறா பாரு!"

நாலைந்து பெண்கள் சிரித்தார்கள். மனைவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வேகமாக நடந்தாள்.

அந்தப் பெயரை வைத்தவன் யார்? நான்தான். இந்தப் பத்திரிகையில், இதே பக்கத்தில்தான்.

சென்ற மாதம் எழுதியது உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் குளியலறைக் கதவுக்கு அடியில் தண்ணீர் கசிந்து, நெல் கொட்டிவைக்கும் மரப் பத்தாயம் இருக்கும் அறைக்குள் ஓடுகிறது என்றேன். காரணத்தையும் நானே கண்டுபிடித்தேன் — என் மனைவி குளித்தால் திற்பரப்பு அருவி விழுகிற மாதிரி என்று! பத்திராதிபர் வயிறு வலிக்கச் சிரித்தாராம். அருமனை வாசகர் ஒருவர் பாராட்டிக் கடிதம் போட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவளோ மாற்றுச் சேலையைச் சுருட்டிக்கொண்டு அடுத்த தெருவிலுள்ள அக்காள் வீட்டுக்குப் போய்க் குளிக்க ஆரம்பித்தாள். இரண்டு நாளில் கோபம் தணியும் என்று விட்டுவிட்டேன். அது கோபம் இல்லை, அவமானம் என்று கோயில் வாசலில்தான் உறைத்தது.

நான் எப்போதும் கால்வாயில் குளிக்கிறவன். அங்கே போனால் என்னையும் கேலி செய்வார்களே! திங்கட்கிழமை வீட்டிலேயே குளித்தேன். அந்தக் குளியலறையில் நான் குளிப்பது அதுதான் முதல் தடவை. முடித்துக் கதவைத் திறக்கிறேன்... அறை முழுக்கத் தண்ணீர். பத்தாயத்தின் கால் நனைந்து நிற்கிறது.

இப்போது யாரைச் சொல்வது?

குனிந்து பார்த்தேன். கதவுக்கு அடியில் தண்ணீரைத் தடுக்கப் படியே இல்லை. எப்படி இருக்கும்? வீடு கட்டும்போது, ஒரு கல்படி வைக்கலாம் என்று கேட்டவள் அவள். எஸ்டேட் துரையின் பங்களாவில் படியில்லாத ஷவர் அறையைப் பார்த்துவிட்டு வந்த மிதப்பில், படி வைத்தால் நாகரிகம் இல்லை என்று தடுத்தவன் நான்.

கொத்தனாரைக் கூப்பிட வெட்கம். நானே சுண்ணாம்பும் மணலும் குழைத்தேன். கருப்பட்டித் தண்ணீர் விட்டால் காரை இறுகும் என்பார்கள். நன்றாக இறுகட்டுமே என்று வீட்டிலிருந்த கருப்பட்டி முழுவதையும் கரைத்து ஊற்றினேன். மறுநாள் காலை படி கறுப்பாக இருந்தது. அசையவும் செய்தது. அத்தனையும் எறும்பு! விரல் வைத்தால் பிசுபிசுவென்று உள்ளே போகிறது.

அந்த நேரம் பார்த்து அவள் ஈரத்தலையோடு வந்தாள்.

"படி வச்சியளாக்கும்?"

"ஆமா."

"தண்ணி யாரால வந்துதுன்னு இப்பம் தெரிஞ்சுதா?"

விரலில் ஏறிய எறும்பைத் தட்டிவிட்டேன்.

"ஊரு சிரிக்க என்னைச் சொன்னியளே... இனி எந்த மொகத்த வச்சிட்டு நான் கோயிலுக்குப் போவேன்?"

"பேப்பர்ல மாத்தி எழுதிருதேன்" என்றேன்.

"எழுதுங்க. எதுனாலும் பேப்பர் படிக்கிறவியகிட்டதானே சொல்லுவிய" என்று அடுக்களைக்குள் போய்விட்டாள்.

ஆகவே, வாசகர்களே, தண்ணீர் வந்தது அவளால் அல்ல, என் அகம்பாவத்தால். திற்பரப்பு என்று கூப்பிட ஆசைப்படுகிறவர்கள் இனி என்னைக் கூப்பிடுங்கள். நினைக்க நினைக்க உடம்பு கூசுகிறது.

உங்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டாயிற்று. அடுக்களை அடுத்த அறைதான்... அவளிடம் கேட்க நான் இன்னும் போகவில்லை.